ஹோம் பிளேட்டில் விழுந்த அந்த அவுட்

அருணுக்கு,

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆடிய பேஸ்பால் ஆட்டத்திலிருந்து அம்பயரால் வெளியே விரட்டப்பட்டவன் நான். ஆடியவன்கூட இல்லை, பார்க்க வந்தவன். கையில் கேம்கார்டர், தோளில் உன் அம்மா மாட்டிவிட்ட எலுமிச்சை சாதப் பை, தலையில் எதிரணியின் மஞ்சள் தொப்பி. தொப்பி தள்ளுபடியில் கிடைத்தது. அது எந்த அணியுடையது என்று கடையில் யார் விசாரித்தார்கள்? இந்தக் கோலத்தில் வேலிக் கதவைத் திறந்துகொண்டு மைதானத்துக்குள் இறங்கினேன். பிளெய்ன்ஸ்பரோவில் இந்தக் கதை தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு உன் அம்மாவே காபி கொடுத்துச் சொல்லிவிடுவாள். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல், ஊர் படித்தாலும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். தமிழ்ச் சங்க மலருக்கு என்னிடம் வழக்கம்போல ஒரு நகைச்சுவைக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இந்த வருஷம் அவர்களுக்கு இதுதான். உனக்கு எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்க வரும், நிதானமாகப் படி. அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே. நடுநடுவே அவளுடைய திருத்தங்களும் சேர்ந்துவிடும்.

நாளைக் காலை நீ ஃப்ளாரிடாவுக்குக் கிளம்புகிறாய். நீயும் அம்மாவும் ரைஸ் குக்கர் வாங்க எடிசன் ஊர்க் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறீர்கள். வெளியே உன் கார் மேல் பனி உறைந்து கிடக்கிறது. நீங்கள் திரும்பி வருவதற்குள் இதை முடித்தாக வேண்டும், ஏனென்றால் நீ எதிரே வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. வாரக்கணக்கில் வரவில்லை. ஒரே வீட்டில், ஒரே ஃபிரிட்ஜில் ஒரே தயிரை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, "சால்ட் எங்க?" என்பதைக்கூட இருவரும் அம்மாவின் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்று அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "ஏங்க, அவன் கிளம்பறப்ப நீங்க கீழ வந்து நிக்கலேன்னா, அப்புறம் உங்ககிட்ட பேசாத ஆளு வீட்ல ரெண்டாயிடும், பாத்துக்கோங்க" என்றாள். பயந்துதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நான் மறக்கவில்லை. கம்ப்யூட்டர் பட்டம் வாங்கிய கையோடு பார்சிப்பனியில் ஒரு கம்பெனி வேலை உனக்காகக் காத்திருந்தது. நான் அதை ஆபீஸில், கோயிலில், சலவை இயந்திரங்கள் இருக்கும் அறையில்கூடச் சொல்லி முடித்திருந்தேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "டாட், அந்த ஜாப் நான் எடுக்கல" என்றாய்.

"ஏன், வேற கம்பெனில ஆஃபர் வந்திருக்கா?"

"நோ. ஃப்ளாரிடால அம்பயர் ஸ்கூல். அப்ளை பண்ணேன், எடுத்துக்கிட்டாங்க. ஐ வாண்ட் டு டூ திஸ்."

"அதுல ஹெல்த் இன்ஷூரன்ஸ் உண்டா?" என்றாள் அம்மா. அவளுக்கு உலகத்தில் எந்தத் தொழிலும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "உன்னை அவுட்டுன்னு சொன்னாரே, அவரை மாதிரி ஆகப் போறியா? அந்த டேப்பைப் பார்த்தா தெரியும், அவரு கண்ணோட லட்சணம்" என்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய். கோபம் இல்லை, அதுதான் என்னைக் கலக்கியது. "ஓகே. அந்த டேப்பைக் குடுங்க டாட். ஐ வாண்ட் டு ஸீ இட். கிளம்பறதுக்கு முன்னாடி" என்றாய். நான் அசையாமல் பொய் சொன்னேன்: கோயம்புத்தூருக்கு அனுப்பினேன், உன் சித்தப்பா அதன் மேல் ஏதோ டிவி சீரியலைப் பதிவு செய்துவிட்டான் என்று. பாவம் அவன், டேப்பைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நீ, "ஓகே, டாட்" என்று சொல்லி எழுந்துபோனாய். அதோடு நம் பேச்சு நின்றது.

உன் பக்கத்துக் கதை உனக்குத் தெரியும். வேலிக்கு வெளியே நின்ற என் பக்கத்துக் கதையை இப்போது கேள்.

அந்த வருஷம் நம் பழைய கார் மெக்கானிக்கிடம் படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதனால் உன் ஆட்டங்களுக்கு ஜெபராஜ் அங்கிள் காரில்தான் போவோம். பாளையங்கோட்டைக்காரர், மருந்துக் கம்பெனியில் வேதியியல் ஆராய்ச்சி. என்னோடு பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறுகிறவர். அவருக்கும் அவர் மனைவிக்கும் குழந்தை இல்லை. பொழுது போகட்டும் என்று பிள்ளைகளின் பேஸ்பால் லீகில் அம்பயராகச் சேர்ந்தார். சேர்ந்தபின் விதிப் புத்தகத்தை வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஆக அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு நம்மை ஏற்றிப்போனவர் அவர், வழியில் உனக்கு டோனட் வாங்கித் தந்தவர் அவர், ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு நின்றவரும் அவர். என்னைப் போன்ற ஒருவன்தான், அம்பயரின் காரிலேயே மைதானத்துக்கு வந்து அந்த அம்பயரோடே சண்டை போட முடியும்.

எனக்கு ரீப்ளே பித்துப் பிடித்ததும் அப்போதுதான். எடிசன் மளிகைக் கடையில் புளியோடும் வெல்லத்தோடும் கிரிக்கெட் கேசட்டுகளும் வாடகைக்குக் கிடைக்கும். அதில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்: ரன் அவுட்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அம்பயர் இரண்டு கை விரலாலும் காற்றில் ஒரு டிவி பெட்டி வரைகிறார், எங்கோ அறைக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். புல்லரித்துவிட்டது எனக்கு. சிறு வயதிலிருந்து அம்பயர்களைத் திட்டியே தொண்டை கட்டிய பரம்பரை நாம். இனித் திட்டவே வேண்டாம், நியாயத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ரயிலில் ஜெபராஜிடம் தினமும் இதே பேச்சு. "கேமராவுக்குப் பிள்ளை கிடையாது ஜெபராஜ். யாருக்கும் சாதகமாப் பேசாது" என்பேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரிப்பார். "பேஸ்பாலுக்கு அதெல்லாம் ஒத்துவராது சார். ஒவ்வொண்ணுக்கும் ஆட்டத்த நிறுத்திட்டு டிவி முன்னால குந்திக்கிட்டா, பிள்ளையள் எப்ப வெளயாட?" என்பார். அவரிடம் பிள்ளை என்ற சொல்லை இப்படி வாய்க்கு வந்தபடி புழங்குகிறோமே என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

சமமான ஸ்கோர். நீ இரண்டாவது பேஸில் நிற்கிறாய். உன் அணிப் பையன் பந்தை இடது பக்கப் புல்வெளிக்கு அடித்துவிட்டான். நீ மூன்றாவது பேஸைச் சுற்றிக்கொண்டு ஹோம் பிளேட்டை நோக்கி ஓடி வந்தாய். அந்த வெள்ளைப் பலகையைத் தொட்டுவிட்டால் ஓட்டம். அதற்குள் பந்து கேட்சரின் கைக்கு வந்து அவன் உன்னைத் தொட்டுவிட்டால் அவுட். நீ மார்பு தரையில் தேய விழுந்தாய். பந்தும் வந்தது. கேட்சரின் கையுறையும் உன் கையும் புழுதியும் ஒரே உருண்டையாகின. ஜெபராஜ் குனிந்து பார்த்தார். பிறகு முஷ்டியை உயர்த்தி, "அவுட்!" என்றார்.

நீ எழுந்தாய். முழங்கையில் ரத்தம். ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சை நோக்கி நடக்க ஆரம்பித்தாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. உன் வயதில் நானாக இருந்தால் தரையில் உருண்டிருப்பேன். இவன் ஏன் கேட்க மாட்டேன் என்கிறான், சரி, நான் கேட்கிறேன் என்று வேலிக் கதவைத் தள்ளினேன். எலுமிச்சை சாதப் பையின் காது கதவுக் கொண்டியில் மாட்டிக்கொண்டது, உதறிவிட்டு நடந்தேன். நடந்துகொண்டே இரண்டு விரலாலும் காற்றில் பெரிய டிவி பெட்டி வரைந்தேன். அங்கிருந்த அமெரிக்கப் பெற்றோர் யாருக்கும் அது புரியவில்லை. உன் கோச், நான் ஏதோ ஆசீர்வாதம் செய்கிறேன் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினாராம். இதை உன் அம்மாதான் சொன்னாள், அவள் சொன்னால் பாதிதான் உண்மை. அதன் பொருள் புரிந்த ஒரே ஆள் முகமூடியைக் கழற்றிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

"சார், எங்க வாறிய? உள்ள வரக் கூடாது சார்."

"கை முதல்ல தொட்டுடுச்சு ஜெபராஜ். எல்லாம் இதுல பதிவாயிருக்கு. ரீவைண்ட் பண்ணிக் காட்டறேன். ரெண்டே நிமிஷம்."

"நான் பாத்தேன்லா. அவுட்டு."

"உங்க கண்ணை நம்புவீங்க, கேமராவை நம்ப மாட்டீங்களா?"

"சார், எல்லாப் பிள்ளையளும் பாத்துக்கிட்டு நிக்கி. வெளிய போங்க. இன்னொருக்க சொல்ல மாட்டேன்."

அப்போதுதான் அதைச் சொன்னேன். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள், தமிழில் என்ன சொன்னாலும் நமக்குள் என்ற தைரியம். இந்த நாட்டில் நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. லிஃப்டில், வரிசையில், பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கைப் பற்றி எல்லாம் பேசுகிற அதே தைரியம். "உங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தா தெரியும்" என்றேன்.

ஜெபராஜின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கட்டை விரலை மட்டும் உயர்த்தி, கார் நிறுத்தும் இடத்தைக் காட்டினார். பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்த நீ நின்று திரும்பினாய். நீ பாதிக்கு மேல் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவன் ஆயிற்றே, உனக்குத் தமிழ் காதில் விழாது என்றே எனக்கு நினைப்பு. அத்தனையும் விழுந்திருந்தது. நீ என்னைப் பார்த்த அந்தப் பார்வைக்கு எந்தக் கேமராவும் தேவையில்லை.

மைதானத்திலிருந்து விரட்டப்பட்டவன் போய் நிற்க ஒரு கார் வேண்டும். என் கார் மெக்கானிக்கிடம். ஆகவே என்னை விரட்டியவரின் பூட்டிய காருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வெயில். உள்ளே ஆட்டம் தொடர்ந்தது. கைதட்டல் கேட்டது, யாருக்கு என்று தெரியவில்லை. கேம்கார்டரைத் திறந்து, நடந்ததை அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் ஓட்டிப் பார்த்தேன். திரும்பவும் ஓட்டினேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் வந்தீர்கள். தோற்றுவிட்டீர்கள் என்று உன் ஷூ சத்தத்திலேயே தெரிந்தது. ஜெபராஜ் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க சார்" என்றார். முன்னால் அம்மா, பின்னால் நீயும் நானும். நடுவில் உன் மட்டை, ஒரு வாள் மாதிரி. நான் வாடகைக்கு எடுத்த கேசட்டுகளில் எதிலும் இவ்வளவு நீளமான மௌனம் இருந்ததில்லை. உன் அம்மா பையைத் திறந்து, "அண்ணே, கொஞ்சம் சாதம்" என்று நீட்டினாள். "வண்டி ஓட்டும்போது வேண்டாம்மா" என்றார் அவர். அம்மா என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை. நான் அடங்கவில்லை. "தப்பான தீர்ப்பை ரீப்ளே பார்த்துத் திருத்தறதுல என்ன கேவலம்?" என்று சீட்டின் முதுகைப் பார்த்துக் கேட்டேன். சிக்னலில் வண்டி நின்றது. "தப்பாவே இருந்தாலும் அது என் தப்பு சார். அத நான்தான் சொமக்கணும். மெஷினு சொன்னா, பிள்ளையள் யார்ட்ட கோவப்படும்?" என்றார். விளக்கு பச்சையானது.

அப்போது நீ பேசினாய். என்னிடம் இல்லை. "அங்கிள், நெக்ஸ்ட் வீக் பேஸ் எல்லாம் எடுத்து வைக்க நான் ஹெல்ப் பண்ணட்டுமா?" என்றாய். அவர் கண்ணாடியில் உன்னைப் பார்த்து, "வா மக்கா" என்றார். அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் நீ ஆடுவதை நிறுத்தினாய். அவர் பக்கத்தில் நின்று சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு அம்பயர் செய்ய ஆரம்பித்தாய். உன்னை அவுட் என்று சொன்ன மனிதரின் பின்னால் நீ போய்விட்டாயே என்று நான் இத்தனை வருஷம் உள்ளுக்குள் புகைந்திருக்கிறேன். அம்பயர் ஸ்கூல் என்று நீ சொன்னபோது என் வயிற்றில் எரிந்தது பார்சிப்பனி வேலை இல்லை. பக்கத்தில் இருந்த என்னை விட்டு, அந்த முன்சீட்டிடம் நீ பேசியது.

இனி நீ செய்யப்போகும் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நான் அப்பனே இல்லை. நான் இன்னும் ரீப்ளே கட்சிதான். அமெரிக்க ஃபுட்பால்காரர்கள் அதை வைத்தார்கள், தூக்கினார்கள், இப்போது மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் ஆட்டத்துக்கும் ஒரு நாள் வரும். வரும்போது அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. ஆயிரம் பேர் வீட்டில் டிவியில் பார்த்துவிட்ட ஒரு தப்பு, மைதானத்தில் நிற்கிற உனக்கு மட்டும் தெரியாமல் போவது உன் மேல் செய்யும் அநியாயம். ஆனால் கேட்கிறவனுக்குக் கணக்கு இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு முறைதான் கேட்கலாம். கேட்டது தப்பென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கும் இதே சட்டம் வந்தால் நல்லது. உன் அம்மாவுக்கு எங்கள் கல்யாணத்திலிருந்து ஒவ்வொரு சண்டையும் நான்கு கோணத்தில் பதிவாகியிருக்கிறது. நினைத்தபோதெல்லாம் ஓட்டுகிறாள், வரம்பே கிடையாது. எனக்கு உன் விஷயத்தில் கேட்க ஒரே ஒரு முறைதான் இருந்தது. அதை எதற்குச் செலவழித்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. கேமராவுக்குப் பிள்ளை இல்லை என்று தினமும் பேசியவன் நான். அன்று அந்த வேலியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் மைதானத்துக்குள் ஒரு பிள்ளை இருந்தது. இல்லாதவர் ஒருவர்தான். குனிந்து பார்த்தவரும் அவர்தான். இது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நேற்று பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்பாரத்தில், பனிக் காற்றில், "ஜெபராஜ், அன்னிக்கு கிரவுண்ட்ல நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"எது சார்? கை மொதல்ல தொட்டுதுன்னியளே, அதா?"

"இல்ல. மத்தது."

அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி வந்துட்டு சார்" என்றார். ஏறி உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன். நாளைக் காலை உன்னை வழியனுப்ப வருகிறாராம். எங்கள் இருவரில் யார் முதலில் கீழே நிற்பது என்று பார்க்கலாம். உன் கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டப்போவது நான்தான். அதில் மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டேப் சித்தப்பாவிடம் இல்லை. பழைய பிரஷர் குக்கர் அட்டைப் பெட்டிக்குள் இருக்கிறது, உன் அம்மா திறக்காத ஒரே பெட்டி அதுதான். இந்தக் கடிதத்தோடு உன் காரின் முன்சீட்டில் வைக்கிறேன். யாருக்கும் நான் இதைப் போட்டுக் காட்டாததற்குக் காரணம், நீ சேஃப், அதாவது அவுட் இல்லை, என்று நான் சத்தியம் செய்த அந்த நொடி இதில் வெறும் புழுதி. நிறுத்திப் பார்த்தால் திரையில் ஒரு கோடு வருகிறது, சரியாக உன் கை மேல். நீ அம்பயர், உனக்கு ஏதாவது தெரிந்தால் தெரியட்டும். கீழே கார் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டீர்கள்.

பார்க்கும்போது ஒலியைக் குறைத்து வை. இடது பக்கப் புல்வெளியில் அந்தப் பையன் பந்தை எடுக்க இன்னும் குனிந்துகொண்டிருக்கிறான், நீ மூன்றாவது பேஸைக்கூடத் தாண்டவில்லை. அப்போதே கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருவன் "சேஃப்! சேஃப்!" என்று கத்துகிறான்.

அப்பா